நீலப் புகை வந்தால் இன்ஜின் போய்விட்டதா?

பெட்ரோல் காரின் சைலன்சரில் நீலப் புகை வந்தால், எரிவது இன்ஜின் ஆயில்தான். ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக வந்தது என்பதைப் புகை சொல்லாது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வ் சீல் இறுகிப்போயிருக்கலாம். டர்போ வைத்த கார் என்றால் மூன்றாவதாக டர்போவையும் சந்தேகிக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமலே பல இடங்களில் "இன்ஜின் வேலை வந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள் உண்டு. ஒன்றைச் சூடான கழிவுப்புகை சுழற்றுகிறது. மற்றது வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சிறிய டர்போக்களில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழலும். அந்த வேகத்தில் அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். வேலை முடிந்த ஆயில் தன் எடையாலேயே வடிந்து கீழே சம்ப்புக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் குழாய் அடைத்துக்கொண்டாலோ, கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினாலோ, வடிய வழியின்றி ஆயில் சீலைத் தாண்டிக் கசியும். டர்போவில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டர்போ மாட்டினால், அதுவும் புகையத்தான் செய்யும்.

ஆயில் வந்த வழியைக் காட்டிக்கொடுப்பது ஸ்பார்க் பிளக். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் டர்போ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி, சிலிண்டர் வரிசைப்படியே ஒரு வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். வரிசை குழம்பினால் தடயமே அழிந்த மாதிரி. ஒன்றில் மட்டும் கருப்பாக ஆயில் பிசுபிசுத்தால், பழுது அந்தச் சிலிண்டரின் ரிங்கிலோ வால்வ் சீலிலோ இருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி நனைந்திருந்தால், ரிங்குகள் ஒருசேரத் தேய்ந்திருக்கலாம், அல்லது உள்ளே வரும் காற்றோடு ஆயில் கலக்கிறது. இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றி ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைக்கும். மூன்றும் வெளிர்பழுப்பில் உலர்ந்திருந்தும் நீலப் புகை நிற்கவில்லையா? ஆயில் பெரும்பாலும் சிலிண்டருக்குள் நுழையவே இல்லை. டர்போவின் கழிவுப்புகைப் பக்கத்து சீல் வழியாக நேரே சைலன்சருக்குப் போகிறது.

மற்ற நிறங்களை அறிவது எளிது. காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் கூலன்ட் எரிகிறது. அப்போது ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். கரும்புகையும் பிளக்கில் உலர்ந்த கரியும் சேர்ந்து வந்தால் பெட்ரோல் அதிகம். சென்சார் அளந்து அனுப்பிய காற்று, வழியில் ஹோஸ் கிழிசலில் வெளியேறினாலும் இப்படி ஆகும்.

புகையே இல்லாமல் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. பிளக்கின் பீங்கான் வெளுத்து, அதில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் உள்ளே பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அந்தக் காரை ஓட்டவே கூடாது.

நீலப் புகையைக் காட்டி இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் எல்லா பிளக்குகளையும் கழற்றி, வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.