கடையும் வீடும் ஒரே கூரையில்: சிங்கப்பூரின் பழைய வணிகத் தெருக்கள்

19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூர் ஆற்றங்கரையை ஒட்டி வளர்ந்த வணிகத் தெருக்களுக்கு உருவம் தந்தது, அவ்வூர்த் தமிழர் கடைவீடு என்று அழைக்கும் கட்டடமாகும். கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் கடைக்காரரோ வேலையாட்களோ தங்கும் இடமும் அமைய, இருபுறமும் அண்டை வீட்டுடன் பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு, இக்கட்டடங்கள் இரண்டு அல்லது மூன்று தளங்களோடு இடைவெளியின்றி வரிசையாக நிற்கின்றன. ஒரு பொதுச்சுவரிலிருந்து மற்றொன்றுக்கு நடுவே தூண் இன்றிப் பாயும் மர உத்தரங்களே மேல்தளத்தைத் தாங்குவதால், உத்தரத்தின் நீளமே வீட்டின் அகலத்துக்கு எல்லையாயிற்று. முகப்பு குறுகியும் உட்புறம் தெருவிலிருந்து வெகுதூரம் பின்னோக்கி நீண்டும் இருப்பதற்கு இது முதன்மையான காரணம். இவ்வளவு நீண்ட வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வர, கூரையைத் திறந்துவிட்டு முற்றம் அமைத்தனர். சில வீடுகளில் வெப்பக் காற்று வெளியேறுவதற்காகக் கூரையின் உச்சியில் இன்னொரு சிறு கூரையை உயர்த்திக் கட்டினர்.

இக்கட்டடத்தின் சிறப்பு அதன் வாசலில் இருக்கிறது. 1822இல், அங்கு பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் நகர அமைப்புக் குழுவுக்கு அளித்த அறிவுரைகளில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எந்நேரமும் திறந்திருக்கும் தாழ்வாரம் ஒன்று அமைய வேண்டும் என்றும், அவை ஒன்றோடொன்று இணைந்து தெருவின் இருபுறமும் கூரையுள்ள நடைபாதையாக வேண்டும் என்றும் விதித்தார். ஐந்தடிப் பாதை எனப் பெயர் பெற்ற இந்த நடைபாதை, கட்டுமானத்தில் தனியார் வீட்டின் பகுதி, பயன்பாட்டில் ஊரார் வழி. திண்ணையை அறிந்த தமிழருக்கு இந்த இரட்டை நிலை புதிதன்று. ஆயினும் திண்ணை வழிப்போக்கரை அமர்த்துகிறது, ஐந்தடிப் பாதையோ வெயிலும் மழையும் படாமல் அவரைத் தெருக்கோடி வரை அழைத்துச் செல்கிறது. முடிதிருத்துவோர், கடிதம் எழுதித் தருவோர், கிளி ஜோதிடர், பெட்டிக்கடை வைத்தோர் என முதலீடு குறைந்த பலருக்கு அதுவே தொழிற்கூடமாயிற்று. 1888இல் நகராட்சி இந்த ஆக்கிரமிப்புகளை அகற்ற முனைந்தபோது கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரமே மூண்டது என்பதிலிருந்து, அந்தச் சில அடி நிலத்தை நம்பி எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதை உணரலாம்.

காலப்போக்கில் முகப்புகள் மாறின. தொடக்ககாலக் கடைவீடுகளின் வெறுமையான சுவர்கள், 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் சுதைப் பூமாலைகளாலும் வண்ண ஓடுகளாலும் நிறைந்தன. 1930களில் ஆர்ட் டெகோ என்னும் நேர்கோட்டுப் பாணி வந்து அந்த அலங்காரத்தைக் களைந்தது. உட்புற அமைப்பு பெரிதும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவிலேயே நிறுத்தியது. வீடின்றித் தவித்த மக்களைக் காக்க அது தேவைப்பட்டது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அந்த வாடகையில் ஓடு மாற்றவும் உத்தரம் மாற்றவும் உரிமையாளருக்குக் கட்டுப்படியாகாததால் கட்டடங்கள் நலிந்தன. அதே சட்டத்தின் நிழலில் சிறு வணிகர்களாலோ தலைமுறைகளாக ஒரே இடத்தில் தொழில் செய்ய முடிந்தது.

1970களில் வங்கிகளின் வானளாவிய மாளிகைகளுக்காக நகர மையம் இடிக்கப்பட்டபோது மறைந்தவற்றுள் தமிழருக்கு நெருக்கமானவை மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள். நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய இந்த நீண்ட கூடங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு மேசையும் பெட்டகமும் கொள்ளும் இடமே இருந்தது. பகலில் வரவு செலவு நடந்த இடத்திலேயே இரவில் படுத்துறங்கினர். கடைவீட்டின் நீண்ட வடிவம் எவ்வளவு செறிவாகப் பயன்பட்டது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. அவை இன்று இல்லை.

எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சி 1980களில் வலுப்பெற்றது. தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளை முன்மாதிரியாக அரசே புதுப்பித்துக் காட்டிய பின், 1989இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்பாதுகாப்பில் உள்ளன. இயன்ற அளவு பழையதை இருத்திக்கொள்ளுதல், இழந்ததை அதன் இயல்பறிந்து மீட்டமைத்தல், பழுதானதைக் கவனமாகச் சீர்செய்தல் என்பவை இதன் நெறிகள். முகப்பை மட்டும் நிறுத்திவிட்டுப் பின்புறத்தை முழுவதும் இடிக்கும் வழக்கத்தை இந்நெறி ஏற்பதில்லை. வரலாற்றுப் பகுதிகளில் கட்டடம் முழுமையாக நிற்க வேண்டும்.

இச்சீரமைப்பில் சுண்ணாம்புக்கு உள்ள இடத்தைத் தனியே சொல்ல வேண்டும். பழைய செங்கற்சுவர்கள் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே வெளியேற்றுபவை. அவற்றின்மீது சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அதில் கரைந்துள்ள உப்புகள் படிகமாகி, செங்கல் பொடிந்து உதிர்கிறது. பழுதுபார்ப்பதாக எண்ணிப் பூசிய சிமெண்டே கட்டடத்துக்குக் கேடாகும் இந்த நிலையைச் செட்டிநாட்டு வீடுகளிலும் காணலாம்.

சுவருக்குக் கிடைத்த காப்பு தொழிலுக்குக் கிடைக்கவில்லை. 2001இல் வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கிய பின் சந்தை விலையே வாடகையாயிற்று. புதுப்பித்த கடைவீடுகளுள் பல அலுவலகங்களாகவும் உணவகங்களாகவும் மதுக்கூடங்களாகவும் மாறின. முந்தைய சட்டம் தொழிலைக் காத்துக் கட்டடத்தைக் கைவிட்டது. பிந்தைய ஏற்பாடு கட்டடத்தைக் காத்துத் தொழிலைக் கைவிட்டது. லிட்டில் இந்தியாவின் மையப் பகுதியில் இடத்தின் இயல்புக்குப் பொருந்தாத சில தொழில்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், எது வரக்கூடாது என்று விதிக்க முடிந்த அளவுக்கு எது நிலைக்க வேண்டும் என்று விதிக்க முடிவதில்லை. சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதையில் மல்லிகைச் சரம் தொடுப்போர் இன்றும் அமர்ந்திருப்பது, அச்சாலைக் கோயில்களுக்கு நாள்தோறும் மாலை வேண்டியிருப்பதனால்தான்.