வேலியில் ஒரு கதவு

நடுவர் அவர்களே! அமெரிக்காவிலே சமூகப் பணியாளருக்கு உரிமம் கொடுப்பது மாநிலம். மிசௌரி உரிமம் பக்கத்துக் கான்சாஸுக்குச் செல்லாதுங்க! தொலைபேசியில் ஆலோசனை சொன்னாலும், பொதுவாக, கேட்பவர் இருக்கிற மாநிலச் சட்டம்தான்.

ஒரு வருஷமா ஒருத்தர்கிட்ட மனசைத் திறந்து பேசின பொண்ணு, கணவருக்கு ராணுவ மாற்றல்னு ஊர் மாறினா, புது ஆளிடம் முதலிலிருந்து அழணுமா?

அதற்குத்தான் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டன: ஒரே உரிமம், சேர்ந்த மாநிலமெல்லாம் செல்லும். 2023-இல் முதலாவதாக மிசௌரி சட்டமாக்கியது. 2024-இல் ஏழாவதாகக் கான்சாஸ் சேர, ஒப்பந்தம் உயிர் பெற்றது.

தப்பு நடந்தா யார் கேட்பது என்கிறார் எதிரணி நண்பர். பணி செய்யும் மாநிலம் அங்கே தடுக்கலாம். சொந்த மாநிலம் உரிமத்தையே பறிக்கலாம்.

வேலி இருக்கட்டும் அய்யா; அதிலே ஒரு கதவும் இருக்கட்டும்!