வீட்டு மின்னிணைப்பின் கொள்ளளவும் கண்டி மாநகரின் புதுத் தேவைகளும்

மின்சாரம் பிறக்கும் இடங்களுக்கு மிக அண்மையில் அமைந்த நகரம் கண்டி. மகாவலி கங்கையைப் பொல்கொல்லையில் மறித்துச் சுரங்கவழியாக உக்குவளை மின்னிலையத்துக்குச் செலுத்தும் பணி 1976 இல் நிறைவெய்தியது. நகருக்குக் கிழக்கே, 1985 இல் இயங்கத் தொடங்கிய விக்டோரியா நிலையம் 210 மெகாவாற்று வலுவுடையது. மலைநாட்டு நீர்வலுவின் பயனைப் பொறியியலறிஞர் விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு 1950 இல் இலட்சபானைத் திட்டத்தால் நனவாயிற்று. இத்துணை வளம் அருகிலிருந்தும், கண்டியில் ஓர் இல்லத்தார் சுடுநீர்க் கருவியையும் மின்காரையும் ஒரே வேளையில் இயக்குவாராயின் சுற்றுடைப்பான் விழுந்து வீடு இருளடைதல் கூடும். இதன் காரணத்தை ஆராய்தல் இன்று இன்றியமையாததாகும்.

முதற்கண் சத்தி, வலு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். மாதமுடிவில் நாம் பணஞ் செலுத்தும் அலகு சத்தியின் அளவு. ஒரு கிலோவாற்று வலு ஒரு மணிநேரம் செயற்படின் அஃது ஓர் அலகாம். வலுவோ சத்தி செல்லும் வேகம். கங்கைநீர் பெருகி ஓடினும், வீட்டுக் குழாய் அரையங்குல விட்டமுடையதாயின், அக்குழாய் தருமளவே ஒரு நிமிடத்திற் பெறலாம். மின்னிணைப்பின் கொள்ளளவு என்பது குழாயின் விட்டம் போன்றது.

இலங்கையில் வீடுகளுக்கு 230 வோல்ற்று அழுத்தத்தில் மின் வழங்கப்படுகின்றது. வழக்கமான ஒற்றை அவத்தை இணைப்பு 30 அம்பியர் ஓட்டத்துக்குரியது. இரண்டையும் பெருக்க வருவது 6,900 வாற்று, அஃதாவது 6.9 கிலோவாற்று. விளக்கு, விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு இது மிகப் பெரிய அளவே. ஆயின் 3.5 கிலோவாற்றுக் குளியற் சுடுநீர்க் கருவியும் 3.3 கிலோவாற்றில் மின்னேற்றும் காரும் சேர்ந்த மாத்திரத்தில் 6.8 கிலோவாற்று ஆகிவிடும். அவ்வேளையில் 2 கிலோவாற்றுக் கேத்தலை அடுப்பங்கரையில் இயக்கினால் ஓட்டம் 38 அம்பியரைத் தாண்டும். சுற்றுடைப்பான் விழுவது குற்றமன்று. கம்பிகள் சூடேறித் தீப்பற்றாது காப்பதே அதன் கடமை.

வெப்பப் பம்பி என்னும் கருவி இவ்விடத்துத் துணைபுரிகின்றது. குளிர்நாடுகளில் அது வீட்டைச் சூடாக்கப் பயன்படும்; கண்டியின் இதமான காலநிலையிலோ அதன் இயல்பான பணி குளிக்கும் நீரைச் சூடாக்கலேயாம். சாதாரண சுடுநீர்க் கருவி மின்சத்தியை வெப்பமாக மாற்றுகின்றது. வெப்பப் பம்பியோ குளிர்சாதனப் பெட்டியைப் போலச் செயற்பட்டு, சுற்றுக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குக் கடத்துகின்றது. 100 இலீற்றர் நீரை 22 பாகையிலிருந்து 45 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறக்குறைய 2.7 அலகு வெப்பம் வேண்டும். ஒரு பங்கு மின்சத்திக்கு மூன்று பங்கு வெப்பந் தரும் பம்பி அதனை 0.9 அலகில் முடித்துவிடும். தாங்கியில் நீரைச் சேமிப்பதால் அது சிறிய வலுவில் நெடுநேரம் ஆறுதலாக இயங்கலாம். காற்று குளிர்ந்த நுவரெலியாவில் இந்த ஆதாயம் சற்றுக் குறையும். கண்டிக்கு அது நன்கு பொருந்தும்.

இனி மின்கார். நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடும் கார், 100 கிலோமீற்றருக்கு 15 அலகு செலவிடுமெனக் கொண்டால், நாளாந்தத் தேவை 6 அலகே. கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களில் செலவு மிகும். இறக்கத்தில் அதன் ஒரு பகுதி மீளும். இரவு 10.30 இலிருந்து காலை 5.30 வரை ஏழு மணிநேரத்தில் இவ்வாறு அலகையும் நிரப்ப 0.9 கிலோவாற்றுக்கும் குறைந்த வலுவே போதும். ஓட்டம் 4 அம்பியரையும் எட்டாது. நடைமுறையில் மின்னேற்றிகள் இதனினும் உயர்ந்த ஓட்டத்தையே எடுப்பினும், 10 அம்பியரில் மூன்று மணிநேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலான இல்லங்களுக்குத் தேவைப்படுவது பெரிய இணைப்பன்று, நேர ஒழுங்கே.

மூவவத்தை இணைப்புப் பெற்றால் எல்லாம் தீருமெனச் சிலர் கருதுவர். 30 அம்பியர் மூவவத்தை இணைப்பு மொத்தம் 20.7 கிலோவாற்றுத் தரும் என்பது உண்மையே. ஆயினும் அது பருத்த ஒரு குழாயன்று. மூன்று தனிக் குழாய்கள். காரும் சுடுநீர்க் கருவியும் ஒரே உயிர்க்கம்பியிற் பொருத்தப்படின், மற்றை இரண்டும் வெறுமையாகக் கிடக்க, அவ்வொன்று மட்டும் பழையபடி மிகைச்சுமையுறும்.

வீட்டு வாயிலோடு ஆராய்ச்சி முடிவதில்லை. கண்டியைச் சூழ்ந்த குன்றுச்சரிவுகளில் வீடுகள் சிதறி நிற்றலால், நிலைமாற்றியிலிருந்து நெடுந்தூரம் கம்பியிழுக்க நேர்கின்றது. போக்குவரவுக் கம்பிகளின் தடை மொத்தம் அரை ஓம் எனக் கொள்வோம். 10 அம்பியர் ஓடுகையில் 5 வோல்ற்று குறையும். 30 அம்பியர் ஓடுகையில் 15 வோல்ற்று குறைந்து, வீட்டிற் கிடைப்பது 215 ஆகும். அனுமதிக்கப்பட்ட ஏற்றவிறக்கம் நூற்றுக்கு 6. கீழெல்லை ஏறத்தாழ 216. கம்பியில் வீணாகும் வலு 50 வாற்றிலிருந்து 450 வாற்றாகும்; ஓட்டம் மும்மடங்காக இழப்பு ஒன்பது மடங்காதலைக் காண்க. அதே கம்பியில் தொங்கும் அயல்வீட்டின் விளக்கும் மங்கும். அங்கே பாடம் படிக்கும் மாணவனுக்கு அக்காரினால் யாதொரு பயனுமில்லை.

நிலைமாற்றியின் நிலையும் இதுவே. நூறு வீடுகளுக்கு 160 கிலோவோல்ற்று-அம்பியர் நிலைமாற்றி ஒன்று போதுமானதாயிருப்பது, எல்லாரும் ஒரே கணத்தில் முழு வலுவையும் எடுப்பதில்லை என்னும் நம்பிக்கையாலேயே. இருபது வீட்டார் மாலையில் வந்திறங்கியதும் ஒருங்கே காரை இணைப்பாராயின், 66 கிலோவாற்றுப் புதுச்சுமை மணிக்கணக்கில் நிற்கும். அதுவும் சமையலும் விளக்கும் மிகுந்த, கட்டண விதிகளில் உச்சவேளையெனக் குறிக்கப்பட்ட 6.30 முதல் 10.30 வரையான பொழுதில்.

நண்பகலிலோ நிலை மாறானது. கூரைகளில் ஞாயிற்றுத் தகடுகள் பெருகியமையால், தேவை குன்றிய விடுமுறைப் பகல்களில் மின்சாரம் மிகையாகின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது இத்தகைய ஒரு வேளையிலேயே. ஆதலின் பகலில் நீரைச் சூடாக்கிச் சேமித்தலும், பணியிடத்தில் நிற்கும் காருக்கு அப்பொழுதே மின்னேற்றலும், வீட்டுக்கு மாத்திரமன்றி நாட்டுக்கும் நலந்தருவனவாம்.

எனவே புதுக்கருவி வாங்குவோர் முதலில் தம் இணைப்பின் அம்பியர் அளவை அறிதல் வேண்டும். தகுதியுடைய மின்வினைஞரைக் கொண்டு காருக்குத் தனிச்சுற்று அமைத்தல் வேண்டும். நீட்டுக்கம்பிகளை நம்புதல் தகாது. பெருஞ்சுமைகள் இரண்டினை ஒருங்கே இயக்காதிருத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின்னும் போதாதெனின், இணைப்பைப் பெருக்குதல் முறையாகும். ஊர்க்குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சிய உழவர், கொள்ளளவு சிறிதாயினும் முறையறிந்து பகிர்ந்தால் யாவர்க்கும் போதும் என்பதை அறிந்திருந்தனர். மின்கம்பிக்கும் அந்த ஒப்புரவே நெறியாகும்.