போத்து மூலம் மரப் பெருக்கம்

போத்து நடுதல் என்பது தண்டிலிருந்து வெட்டிய துண்டை வேர்விடச் செய்து, தாய்மரத்தை ஒத்த புதிய மரத்தைப் பெறும் விதையிலா இனப்பெருக்க முறை ஆகும். முருங்கை, கிளுவை, பூவரசு ஆகியவற்றின் போத்துகள் பெரும்பாலும் தாமாகவே வேர்விடும். தைலமரம், சவுக்கு, தேக்கு போன்றவற்றிற்கு வேரூக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன.

வேரூக்கிகள்

தாவரத்தின் இளம் நுனிகளில் உருவாகும் ஆக்சின் கீழ்நோக்கிச் சென்று, வெட்டுமுனையில் சேர்ந்து புதிய வேர்களைத் தூண்டுகிறது. செயற்கை ஆக்சின்களான இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் நாப்தலீன் அசிட்டிக் அமிலமும் இவ்வாறே செயற்படுவதை 1935 ஆம் ஆண்டில் சிம்மர்மன், வில்காக்சன் ஆகியோர் எடுத்துக்காட்டினர்.

செய்முறை

முதிர்ந்த மரத்தின் கிளைகள் எளிதில் வேர்விடா. எனவே மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் இளந்தண்டுகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, இலைகளைப் பாதியாகக் குறைத்து, அடிமுனையை ஊக்கித்தூளில் தோய்த்து, மணலிலோ தென்னைநார்க் கழிவிலோ தலைகீழாகாமல் நட வேண்டும். வேர் வரும்வரை போத்து நீரை எளிதில் உறிஞ்ச இயலாது. ஆகவே நிழலும் மிகுந்த காற்றீரமும் இன்றியமையாதவை. பச்சைத்தண்டிற்குக் குறைந்த செறிவும் முதிர்தண்டிற்கு மிகுந்த செறிவும் ஏற்றவை. அளவு மிஞ்சினால் அடிமுனை கருகிவிடும்.

பயனும் வரம்பும்

சிறந்த மரத்தின் பண்புகள் மாறாமல் கிடைப்பதும், தோப்பு சீராக வளர்வதும் இதன் பயன்களாகும். எனினும் ஒரே மரத்தின் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே நோய்க்கு இலக்காகலாம். 2000களில் தென்னிந்தியத் தைலமரத் தோட்டங்களில் பரவிய முடிச்சுக் குளவி, சில வழிகளைக் கடுமையாகத் தாக்கியது. எனவே பல தாய்மரங்களின் போத்துகளைக் கலந்து நடுதல் நன்று.