நோயாளியின் வசதியும் படக்கருவியின் அமைப்பும்

உடலின் உட்பகுதிகளைப் படம் பிடித்துக் காட்டும் சாதனங்களுள் எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுக் கருவி முக்கியமான ஒன்றாகும். இதில் எக்ஸ் கதிர்கள் பயன்படுவதில்லை. வலிமை மிக்க காந்தப் புலமும் ரேடியோ அலைகளுமே பயன்படுகின்றன. ஆயினும், நோயாளி குறுகிய குழாய் ஒன்றினுள் அரை மணி நேரம் வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும், அசையாது படுத்திருக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அச்சத்தினால் சிலர் சோதனையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றனர். சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்க நேரிடுகிறது. ஆகவே நோயாளியின் வசதி ஆடம்பரமன்று. தெளிவான படத்திற்கு அது இன்றியமையாததாகும்.

அச்சத்திற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது இடநெருக்கடி. நெடுங்காலம் குழாயின் குறுக்களவு 60 செ.மீ. அளவிலேயே இருந்து வந்தது. 2004ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 70 செ.மீ. குறுக்களவும் குறைந்த நீளமும் உடைய கருவியை வெளியிட்டது. பத்து செ.மீ. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் குழாயை அகலமாக்கி நீளத்தைக் குறைத்தால், காந்தப் புலத்தைச் சீராக வைத்திருப்பது கடினமாகிறது. இவ்விடர்ப்பாட்டைக் கடந்ததனால், பல சோதனைகளில் நோயாளியின் தலை குழாய்க்கு வெளியே இருத்தல் இயல்வதாயிற்று.

இரண்டாவது காரணம் ஓசை. காந்தப் புலத்தினுள் அமைந்த கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் விரைந்து மாறும்பொழுது அவை அதிர்கின்றன. சுத்தியால் தட்டுவது போன்ற அவ்வோசை 100 டெசிபெலைக் கடப்பதும் உண்டு. எனவே நோயாளியின் செவிகளுக்குக் காப்பு அளிக்கப்படுகிறது.

கருவியின் உள்ளமைப்பை மாற்றாமலும் அச்சத்தைக் குறைக்கலாம். ஜி.ஈ. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் டக் டீட்ஸ், சோதனைக்கு வந்த சிறுமி ஒருத்தி அழுவதைக் கண்டு, படக்கருவி அறைகளைக் கதை உலகங்களாக மாற்ற முனைந்தார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சுவரும் தரையும் கருவியும் அவ்வாறே வண்ணம் தீட்டப்பெற்றன. கதையில் ஈடுபட்ட குழந்தைகள் அசையாதிருந்தனர். மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது.

வண்ணம் தீட்ட இயலாத இடங்களிலும் சொல்லால் இப்பணியைச் செய்யலாம். ஓசை எழும் என்பதையும், அதனால் தீங்கு நேராதவாறு செவிக்காப்பு அளிக்கப்படும் என்பதையும், கையில் கொடுக்கப்படும் குமிழை அழுத்தினால் பணியாளர் உடனே கவனிப்பார் என்பதையும் களப் பணியாளர் முன்கூட்டியே விளக்குதல் வேண்டும். இதய முடுக்கி போன்ற கருவியோ, உலோகத் துண்டோ உடலில் இருப்பின் அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்கும்படியும் கூறவேண்டும். ஆசிரியர்களோ, அசையாது படுத்திருக்கும் விளையாட்டாகவே இதனைக் குழந்தைகளுக்குப் பழக்கலாம்.