இரும்புக்கு வயது சொன்ன கரித்துண்டு

2025 ஜனவரி 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வு நூலைச் சென்னையில் வெளியிட்டார். தமிழ் நிலத்தில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்ற செய்தி நாளேடுகளில் இடம்பிடித்தது. அந்நூலை எழுதிய இருவரில் ஒருவர் பேராசிரியர் கா. ராஜன், புதுவைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். இன்னொருவர் மாநிலத் தொல்லியல் துறையின் இரா. சிவானந்தம். இந்த 5,300 ஆண்டுக் கணக்கு எப்படி வந்தது என்று புரிந்துகொள்ள, முதலில் பழனி அருகே உள்ள பொருந்தலுக்குப் போக வேண்டும்.

2009, 2010 ஆண்டுகளில் ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகக் குழு அங்கே ஓர் ஈமக்குழியைத் திறந்தது. உள்ளே நான்கு கால்கள் கொண்ட ஜாடி, அதில் ஏறத்தாழ 2 கிலோ நெல். அதே குழியில் கிடைத்த பிரிமனையில் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. நெல்லை அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வந்த விடை கி.மு. 490.

நெல் கிடைத்தது பெரும் பேறு. உயிருள்ள செடி காற்றிலிருந்து கரிமம்-14 என்ற கதிரியக்க அணுவை எடுத்துக்கொண்டே இருக்கும். அறுவடையோடு அது நின்றுபோகும். பிறகு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2,500 ஆண்டு பழைய நெல்லில் அந்த அணுக்களில் நான்கில் மூன்று பங்கு இன்னும் மிஞ்சியிருக்கும். ஏ.எம்.எஸ். (முடுக்கி நிறை நிறமாலை) முறை அவற்றை நேரடியாக எண்ணிவிடுகிறது. அதற்குச் சில மில்லிகிராம் கரிமம் போதும். நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிவது. ஆகவே கிடைக்கும் காலம் அறுவடைக் காலமேதான். மரக்கரி அப்படியல்ல. முன்னூறு ஆண்டு வளர்ந்த மரத்தின் வயிரக்கட்டையை எரித்தால், எரித்த நாளைவிட மிகப் பழைய காலத்தைக் கரி காட்டும்.

அதுவரை தமிழ் பிராமியின் காலத்தைப் பெரிதும் எழுத்தின் வடிவத்தை வைத்தே கணித்துவந்தோம். அசோகருடைய பிராமிக்குப் பின்னரே அது தமிழகம் வந்தது என்பது ஐராவதம் மகாதேவன் போன்ற பேரறிஞர்களின் முடிவு. பொருந்தலும், அடுத்து ராஜன் அகழ்ந்த நொய்யல் கரைக் கொடுமணலும், 2019இல் அறிக்கை வெளிவந்த கீழடியும் அந்த முடிவை மறுபரிசீலனைக்கு உள்ளாக்கின. என் பார்வையில் ராஜனின் ஆகப்பெரிய பங்களிப்பு இதுதான். எழுத்தின் வடிவத்தோடு நின்றிருந்த வாதத்தை, மண்ணடுக்கையும் அதில் கிடைத்த தானியத்தையும் நோக்கி அவர் திருப்பினார்.

மறுப்புகளும் வலுவானவை. ஓரிரு மாதிரிகளை வைத்து முடிவு கட்டலாகாது என்கிறார்கள் அறிஞர்கள் சிலர். இன்னொரு சிக்கல் இயற்கையிலேயே இருக்கிறது. கரிமக் கணக்கை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வரைகோடு, கி.மு. 800க்கும் 400க்கும் இடையே சமதளமாகப் படுத்துக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் விழும் எந்த மாதிரிக்கும் துல்லியமான ஒற்றை ஆண்டைச் சொல்ல முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் நீளும் ஒரு வரம்பைத்தான் சொல்ல முடியும். கி.மு. 490 என்பதையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

இனி இரும்பு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் முதுமக்கள் தாழிகளில் இரும்புப் பொருள்கள் கிடைத்தன. அங்கே ஒரு தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. புதிய நூலில் கரித்துண்டுகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது. இரும்பைக் காலக்கணிப்பு செய்யவில்லை. அதனோடு ஒரே சூழலில் கிடந்த கரியையும் பானையோட்டையும்தான் கணித்தார்கள். பானையோடு கடைசியாக எப்போது வெப்பம் கண்டது என்பதைச் சொல்லும் ஒளிர்வு முறை வேறு. அது கரிமத்தை நம்பியிருப்பதில்லை. மாதிரிகள் ஃப்ளோரிடா, லக்னோ, அகமதாபாத் ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டன. பல ஆய்வகங்களின் முடிவுகள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைத் தொடுவதால் இந்த ஆய்வை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கங்கைச் சமவெளியில் இரும்புக்குக் கிடைத்த கி.மு. 1800 ஒட்டிய காலத்தைவிட இது மிக முந்தையது. ஆனாலும் உலகம் முழுதாக ஏற்க, இரும்பை உருக்கிய உலைகளே அக்காலத்தவையாகக் கிடைக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் கிடைத்திருப்பது அந்தத் தேடலுக்குத் துணை.

தொல்லியல் துறையும் பல்கலைக்கழகங்களும் ஒவ்வோர் அகழாய்வின் முழு அறிக்கையையும், எந்தக் குழியில் எந்த ஆழத்தில் மாதிரி எடுத்தார்கள் என்ற விவரத்தோடு, தமிழிலும் தாமதமின்றி வெளியிட வேண்டும். வாசகர்களும் அடுத்த முறை இப்படி ஓர் ஆண்டைச் செய்தியில் படித்தால், கணிக்கப்பட்டது எந்தப் பொருள், அது எங்கே கிடந்தது என்று கேளுங்கள்.