நம் வயல் மண்ணும் கடல் நீரின் தெளிவும்

மோகனூரில் வாழும் நமக்கும் கடலுக்கும் யாது தொடர்பு என்று பஞ்சாயத்து அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். ஐப்பசியில் பெருமழை பெய்த மறுநாள் காலை, காவிரியில் வந்து விழும் ஓடைகளின் நிறத்தை நோக்கினால் விடை கிடைக்கும். செம்மண் காட்டைக் கடந்து வரும் ஓடை செந்நிறமாக வருகிறது. அந்நிறம் வேறொன்றன்று, எருவிட்டு நாம் பேணிய மேல்மண்ணே அது.

சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறும், தென்கரையில் அமராவதியும் தத்தம் பங்கு மண்ணைக் காவிரியில் சேர்க்கின்றன. வெள்ளக் காலத்தில் இந்நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியே கடலை அடைகிறது. ஆறு கொண்டு செல்லும் பொருள் இருவகைப்படும். ஒன்று, அடியில் உருண்டு செல்லும் மணல். மற்றொன்று, நீரில் மிதந்து செல்லும் வண்டல். இவ்விரண்டும் கடலில் செய்யும் வேலை வேறு வேறு.

வண்டலின் நுண்துகள்கள் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நெடுநேரம் மிதக்கும். உப்புநீர் பட்டவுடன் அவை ஒட்டித் திரண்டு கீழே படியத் தொடங்கும். இதனை வீட்டிலேயே காணலாம். இரு கண்ணாடிப் புட்டிகளில் ஒரே கலங்கல் நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு பிடி உப்பைக் கரைத்து வைத்தால், உப்பிட்ட நீரே முதலில் தெளியும். எனவே ஆற்று வண்டலில் பெரும்பகுதி முகத்துவாரத்தை அடுத்தே படிகிறது. ஆனால் ஆழமற்ற கடலில் காற்றும் அலையும் அதனை மீண்டும் கிளறிவிடும். பாக் நீரிணையின் நீர் பருவக்காற்றுக் காலத்தில் கலங்கி நிற்பது இதனாலேயே. நீர் கலங்கினால் வெயில் அடியை எட்டாது. வெயிலின்றிக் கடற்புல் வளராது. கடற்பசு அப்புல்லையே மேய்வது. மீன்குஞ்சுகளும் இறால்களும் அதனிடையே ஒளிந்து வளர்வன. பவளப் பாறைகளின்மேல் வண்டல் படிந்தால் அவை மூச்சடைத்து மடிகின்றன.

மணலின் கதை இதற்கு நேர்மாறானது. வண்டல் மிகுந்தால் கடலுக்குக் கேடு. மணல் குறைந்தாலோ கரைக்குக் கேடு. அலைகள் கரையோர மணலை இடைவிடாது நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஆறு புதுமணலைக் கொணர்ந்து ஈடு செய்தால்தான் கரை நிலைக்கும். 1934 ஆம் ஆண்டு முடிவுற்ற மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைத் தன் நீர்த்தேக்கத்திலேயே நிறுத்திக்கொள்கிறது. அணைக்குக் கீழே ஆற்றில் மணல் அள்ளப்படுவதும் நாம் கண்கூடாகக் காண்பதே. தரங்கம்பாடியில், 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அவ்வழிவு அணைகளுக்கு முன்னரே தொடங்கியதாதலின், பழி முழுவதையும் அணைமேல் சுமத்துதல் பொருந்தாது. எனினும், இயல்பாகவே அரிக்கப்படும் கரைக்கு வரும் மணலையும் தடுத்தால், அங்குள்ள மீனவர் வீட்டுக்கும் அலைக்கும் இடைப்பட்ட நிலம் இன்னும் விரைந்து சுருங்கும் அன்றோ!

மோகனூர் விவசாயிகள் செய்யத்தக்கது யாது? மண்ணை வயலிலும், மணலை ஆற்றிலும் இருத்துவதே. சரிவுக்குக் குறுக்கே உழுதல், வரப்பை உயர்த்துதல், ஓடைக்கரையில் வெட்டிவேர் நடுதல் ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கரும்பு வெட்டிய பின் சோகையைக் கொளுத்தாமல் நிலத்தில் பரப்பினால் மழைத்துளியின் அடி மண்ணில் நேராக விழாது. வாழைத் தோட்டங்களில் இடைவெளியை வெறுமையாக விடுவதை நாம் சிறிதும் ஏற்கவில்லை. அங்கே தட்டைப்பயறு விதைக்கலாம்.

கலங்கலை அளக்கவும் எளிய வழி உண்டு. இத்தாலியப் பாதிரியார் ஆஞ்செலோ செக்கி 1865 ஆம் ஆண்டு கையாண்ட முறை அது. வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி ஏரியில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் ஒரே இடத்தில், நண்பகலை ஒட்டி அளந்து பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதி வரலாம். மழைக்குப் பின் எந்த ஏரியில் ஆழம் மிகக் குறைகிறதோ, அதற்கு நீர் தரும் ஓடையிலேயே முதல் தடுப்பணை அமைய வேண்டும்.

ஏரியில் ஏற்கெனவே படிந்த வண்டல் வயலுக்கே உரியது. அதனை இலவசமாக எடுத்துச் செல்ல 2024 ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம். நீர் வற்றும் சித்திரை, வைகாசி மாதங்கள் அதற்கு ஏற்றவை. ஆதலின் பங்குனிக்குள் விண்ணப்பித்துவிடுதல் நன்று.